உனுனும் ஹீட்டரும்

"கல்கத்தாவிலுமா குளிர்?" என்று ஊரிலிருந்து வருவோர் நகைப்பதுண்டு. தை மாதத்தில் ஒரு வாரம் லேக் மார்க்கெட் பக்கம் தங்கினால் அந்த நகைப்பு நின்றுவிடும். இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்குகின்ற குளிர், வெயிலுக்கென்றே கட்டப்பட்ட நமது வீடுகளில் கதவிடுக்கெல்லாம் புகுந்து வரும்.

2024 ஜனவரியில் நமது இல்லத்தில் பிறந்து 20 நாளே ஆன பெண் குழந்தை இருந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகக் கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். நாம் ரயில்வேயில் எழுத்தர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கி, கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையே வாசற்படியருகில் வைத்தோம்.

மாமியாருக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. "தீ கண்ணுக்குத் தெரிய வேண்டாமா, மாப்பிள்ளை?" என்றார். வீட்டுக்காரர் மொட்டை மாடியில் போட்டிருந்த பழைய உனுன் அவர் கண்ணில் பட்டது. வாளிக்குள் மண் பூசிச் செய்யும் அந்த வங்காள அடுப்பை அறியாத அன்பர் நம்முள் இரார். மாடியிலேயே கரியை மூட்டி, புகை அடங்கியபின் கீழே கொணர்ந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

கூடம் கதகதத்தது. ஹீட்டரின் விளக்கோ அணைந்தது. உள்ளறையில் குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தது. "உங்கள் யந்திரம் உறங்கிவிட்டது" என்றார் மாமியார்.

உண்மையில் யந்திரம் தன் கடமையைத்தான் செய்தது. வெயிலில் தண்டவாளம் நீளும் என்பதற்காக இணைப்புகளில் இடைவெளி விடுவதை ரயில்வேக்காரர் அறிவர். ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டிலும் அதே தத்துவந்தான். ஒன்றாய்ப் பிணைத்த இரு உலோகத் தகடுகள் சூட்டில் வெவ்வேறு அளவில் நீளுவதால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கின்றன. தான் நிற்கும் இடத்துச் சூட்டையே அது அறியும். அடுத்த அறையின் குளிரை அறியாது. குளிர்நாடுகளில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இவ்வாறு நேர்வதுண்டு. விறகுக் கணப்பு எரியும் கூடத்திலேயே வீட்டுக்கெல்லாம் பொதுவான தெர்மோஸ்டாட் இருந்துவிட்டால், படுக்கையறைகள் குளிர்ந்து போகும்.

இதெல்லாம் பின்னர் அறிந்தது. அன்று நாம் செய்ததோ, உனுனையே உள்ளறைக்குள் வைத்ததுதான். ஜன்னலைச் சாத்தியதும், கதவடியில் பழைய புடவையைத் திணித்ததும் நமது கைகளே.

நள்ளிரவில் மனைவி தலைவலி என்றாள். பிறகு குமட்டல் என்றாள். குழந்தை பாலுக்கு அழவேயில்லை. கதகதப்பில் நன்றாய் உறங்குகிறாள் என்று சிறிது நேரம் மகிழ்ந்திருந்தோம். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் உடல் பதறுகின்றது. தூக்கியபோது துணிபோல் துவண்டாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இருவரையும் டாக்ஸியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தோம்.

பணியிலிருந்த வங்காள மருத்துவர் அம்மையார் கேட்ட முதற்கேள்வி, "அறையில் உனுன் எரிந்ததா?" என்பதே. உடனே இருவருக்கும் பிராணவாயு கொடுத்தார். விடியற்காலையில் நம் மகள் வீறிட்டழுதாள். அதைவிட இனிய ஓசையை நாம் கேட்டதில்லை.

புகை அடங்கினால் ஆபத்தும் அடங்கியதென்று நம் முன்னோர் எண்ணினர், நாமும் எண்ணினோம். ஆனால் கனிந்த தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தில்லி முதலிய வடநாட்டு ஊர்களில், மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியோர் மாண்ட செய்தி குளிர்காலந்தோறும் வருகின்றது. ஹீட்டரினுள் இருக்கும் எண்ணெயோ எரிவதில்லை. சூட்டைத் தேக்கி வைக்கவே அது இருக்கின்றது.

மாமியார் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. "என் கையாலேயே..." என்று தொடங்குவார், முடிக்கமாட்டார். "ஜன்னலைச் சாத்தியவன் நான்தானே, அத்தை" என்றோம். பிறகு ஹீட்டர் உள்ளறைக்குள் சென்றது. திரைச்சீலைக்கும் தொட்டிலுக்கும் எட்டி, தெர்மோஸ்டாட் நடுவளவில், ஜன்னல் சற்றே திறந்தபடி. மாமியார் மாடியில், திறந்த வெளியில் உனுனை மூட்டிக் குழந்தையின் துணிகளைக் காயவைத்து, சூடாறுமுன் கொண்டுவந்து போர்த்துவார்.

பங்குனியில் அவரை ஹவுராவில் ரயிலேற்றினோம். இப்போதும் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பேத்தியை விசாரித்தபின், "அந்த உனுன் எங்கே இருக்கிறது?" என்று தவறாமல் கேட்கிறார்.

மாடியில்தான் இருக்கின்றது. அதில் துளசி வைத்திருக்கின்றோம்.