பழைய பேரிங்கைப் பார்த்த பிறகே புதியது

முன்சக்கர பேரிங் போன பிக்கப் ஷெட்டுக்குள் வரும்போது ஓட்டுநர் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "டயர் சத்தம்னு நெனச்சேண்ணே." அப்படி நினைத்ததில் தப்பில்லை. இரண்டுமே வேகம் ஏற ஏறக் கூடும், வேகம் குறையக் குறையும். ஆனால் டயர் சத்தம் சாலைக்குத் தகுந்தபடி மாறும். சிமெண்ட் ரோட்டில் ஒரு விதம், புதுத் தார் ரோட்டில் வேறு விதம். பேரிங் சத்தம் சாலையைப் பொருட்படுத்தாது, வளைவுக்குத்தான் மாறும். வண்டி இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல் சாய்கிறது. அந்த நேரத்தில் 'கும்' என்ற இரைச்சல் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இதற்காகவே பழுது பார்க்கும் முன் வண்டியை நானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி, முருங்கை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய் வரும் வண்டிகளில் இன்னும் கணிசமானவை பழைய பிக்கப்கள். இப்போது வரும் கார்கள் பலவற்றில் முன்சக்கர பேரிங் ஒரே உருப்படியாக, சீல் வைத்து வருகிறது. நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. பழைய பிக்கப் அப்படியல்ல. ஒவ்வொரு முன் ஹப்பிலும் உள்ளே பெரியதும் வெளியே சிறியதுமாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. ரோலர் சரிவாக இருப்பதால் மேலிருந்து வரும் பாரத்தையும் வளைவில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் சேர்த்தே தாங்கும். இதை எவ்வளவு இறுக்குவது என்பதை முழுக்க மாட்டுகிறவன் கையில் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த வேலை மேல் எனக்கு இத்தனை மரியாதை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகுதான் சக்கரத்தில் கை வைக்க வேண்டும். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் தம்பி ஒருவனை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கோளாறு கிங்பின்னிலோ பால் ஜாயிண்ட்டிலோ இருக்கிறது. இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் பேரிங் செட்டை வாங்கி வந்து பணத்தை வீணாக்கியவர்கள் ஏராளம். இன்னொரு அறிகுறி பிரேக் பெடலில் தெரியும். ஹப் ஆடினால் டிஸ்க்கும் ஆடும். டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்து மிதிக்கும்போது பெடல் ஆழமாகப் போகும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றியும் தீராத சில பெடல் புகார்கள் ஹப்பில் தீர்ந்திருக்கின்றன.

கழற்றுவது பெரிய வித்தையில்லை. காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. ஹப் கேப், ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர். பிறகு ஹப்பை இலேசாக இழுத்தால் வெளி பேரிங் தானாகக் கைக்கு வந்துவிடும்.

வேலையின் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. துடைக்கும் முன்னால் கிரீஸைப் பாருங்கள், மோந்து பாருங்கள். கருகல் வாடை என்றால் சூடு. மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர். விரலிடையில் நறநறத்தால் மண். அதன் பிறகு டீசலில் கழுவி, வெயிலில் பிடித்து, ஒவ்வொரு ரோலராகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் வீசிச் சுழலவிட்டு 'விர்' சத்தம் கேட்கப் பையன்களுக்கு ஆசை. அது ரோலர் ஓடும் பாதையைக் கீறும். ரோலர் தெறித்து முகத்தில் அடிக்கவும் செய்யும். என் ஷெட்டில் அனுமதியில்லை.

கப்பின், அதாவது ஹப்பில் இறுகியிருக்கும் வெளி வளையத்தின், உட்புறப் பாதையில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் உலோகம் களைத்துப்போயிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்ததன் விளைவு. ரோலருக்கு ரோலர் உள்ள அதே இடைவெளியில் பள்ளங்கள் வரிசையாக இருந்தால் அடி விழுந்திருக்கிறது: குழியில் இறங்கியது, அல்லது முன்பு மாட்டியவர் சுத்தியால் அடித்து ஏற்றியது. கரும்புள்ளிகளும் துருவும் தண்ணீரின் வேலை. ரோலரின் தடித்த முனையும் அது உரசும் விளிம்பும் கீறி, நீலம் பாய்ந்து கிடந்தால் நட்டை அதிகம் இறுக்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் கிரீஸ் போதவில்லை.

என் அனுபவத்தில் வயதாகிச் செத்த பேரிங் குறைவு. பெரும்பாலானவை கொல்லப்பட்டவை. கொன்றது எது என்று தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

எங்கள் பக்கம் அதிகம் பார்ப்பது தண்ணீர்ச் சாவு. கொடைக்கானல் மலைப்பாதையில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிய வண்டியின் ஹப் கொதித்துக்கொண்டிருக்கும். கீழே மழைத்தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் அதை அப்படியே இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறது. அதனால் நூறு இருநூறு ரூபாயைப் பார்த்து ஆயில் சீலைப் பழையதாகவே போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சீல் உட்காரும் இடத்தில், ஹப் மாட்டும் தண்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் புது சீலும் நிற்காது.

பழைய கப்பை ஹப்பிலிருந்து பித்தளைத் துண்டு வைத்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டி இறக்கலாம். புதுக் கப்பை ஏற்ற அந்தப் பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டுவது நல்ல வழி. அதன் வெளிப்புறத்தைக் கொஞ்சம் அரைத்துவிட்டால் உள்ளே சிக்காது. தட்டும்போது காதைக் கொடுங்கள். கப் இறங்கிக்கொண்டிருக்கும் வரை ஓசை மந்தமாக இருக்கும். அடி வரை போய் உட்கார்ந்ததும் 'ணங்' என்று ஒரேயடியாக மாறும். அந்த ஓசை வராமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. அரைகுறையாக நின்ற கப் ஓடும்போது இறங்கும், ஹப் ஆடத் தொடங்கும். கப் ஹப்பில் இறுக்கமாகவும், ரோலர்கள் சூழ்ந்த உள் வளையமான கோன் தண்டில் கையால் வழுக்கும்படியும் இருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சுற்றுகிற வளையம் நழுவக் கூடாது, நிற்கிற வளையம் நட்டுக்குத் தகுந்தபடி நகர வேண்டும். கோன் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே என்று தண்டில் பொட்டு அடித்து இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிரீஸ் விஷயத்தில் ஒன்று. சேஸிஸுக்கு அடிக்கும் கால்சியம் கிரீஸ் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். ஹப்புக்கு வேண்டியது லித்தியம் கிரீஸ். கடையில் ஏபி த்ரீ என்று கேட்டால் கொடுப்பார்கள். அது உருகித் துளியாக 180 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உள்ளங்கையில் ஒரு குவியல் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, குறுகிய பக்கம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் புழுபுழுவென்று எட்டிப் பார்க்கும்வரை ஏற்ற வேண்டும். மேலே பூசினால் ஆகாது. ஹப்பின் வயிற்றை முழுக்க அடைக்கவும் வேண்டாம்; அடைத்தால் கிரீஸ் கலங்கிச் சூடேறி சீலைத் தள்ளும்.

கடைசியாக நட்டு. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள். ரோலர்கள் தம் இடத்தில் உட்காரும். பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலால் மட்டும் திருகுங்கள். ஸ்பிளிட் பின் துளை ஒத்துவராவிட்டால் பின்னால் கொண்டுவர வேண்டும், முன்னால் இறுக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்தால் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் காட்டலாம். தலைமுடியின் கனத்தை ஒட்டிய அளவு. வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பிரேக் சூட்டில் உலோகம் விரிய இந்த இடம் வேண்டும். சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் முதலாளி "இன்னும் கொஞ்சம் டைட் வையுங்க" என்பார். வைக்கக் கூடாது. அவர் மனத்திருப்திக்காக அரைத் திருகு இறுக்கினால் மலை இறங்கும்போது பேரிங் எரியும், ஹப் பிடிக்கும், சில நேரம் சக்கரமே தண்டோடு கழன்று போகும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து ஆட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டிக்காரர்களுக்கு: கப்பையும் கோனையும் ஒரே செட்டாக, ரசீதோடு வாங்குங்கள், பழைய கப்பில் புதுக் கோன் போடவிடாதீர்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் சத்தம் வராவிட்டாலும் முன் ஹப் இரண்டையும் திறந்து கிரீஸ் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்து சாவி வாங்கும்போது கழற்றிய பேரிங்கைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். எதனால் போனது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். அது நீங்கள் காசு கொடுத்த வேலையில் சேர்ந்ததுதான்.