ஆயாவோட கடைசி காய்

உங்க வீட்டுப் பரண்ல ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை கிடக்கும். இல்லன்னா பாட்டி வீட்டுல கண்டிப்பா கிடக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போனா எடுத்து துடைச்சு வைங்க. நாலாவது செமஸ்டர்ல ப்ராபபிலிட்டி பேப்பரை எப்படியோ தாண்டினவங்களுக்கு அதுல நல்ல வேலை இருக்கு.

ஒரு கட்டைக்கு நாலு பக்கம்: 0, 1, 2, 3. ரெண்டு கட்டையை உருட்டினா மொத்தம் 16 விதமா விழும். 3 விழ 16-ல் 4 வாய்ப்பு, அதுதான் அதிகம். 2-க்கும் 4-க்கும் மூணு மூணு. 5-க்கு ரெண்டு. 6-க்கு ஒண்ணுதான். ரெண்டும் வெறும் பக்கமா விழுந்தா 12, அதுக்கும் ஒண்ணுதான். காயை இறக்கத் தேவையான தாயத்துக்கு, அதாவது 1-க்கு, 16-ல் 2.

எங்க வீட்டு விதியில 1, 5, 6, 12 விழுந்தா இன்னொரு தடவை உருட்டலாம். அதனால ஒரு முறைக்குள்ள தாயம் விழுற வாய்ப்பு கொஞ்சம் கூடி சரியா 6-ல் 1 ஆகுது. பேப்பர்ல போட்டுப் பாருங்க, வரும். அப்படின்னா வெட்டுப்பட்டு வெளிய நிக்கிற காய் சராசரியா ஆறு முறை காத்திருக்கணும். ஆறு முறை உருட்டியும் தாயமே விழாம போறதுக்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. "நேத்து ஃபுல்லா தாயமே விழலடா"ன்னு யாராவது சொன்னா நம்புங்க.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்குன்னா, ஞாயித்துக்கிழமை ஆனா விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் போய் எங்க ஆயாவோட தாயம் ஆடுறேன். 40 கிலோமீட்டர் கூட இல்ல. ரயில் கிடைச்சா ரயில், இல்லன்னா பஸ்ல ஏறி விக்கிரவாண்டி டோல்கேட் கூட்டத்துல கொஞ்ச நேரம் நிக்கணும். போன வருஷம் ஆயாவுக்கு பக்கவாதம் வந்துச்சு. வலது கை பாதிதான் திரும்பிச்சு, பேச்சும் குழறுது. விரலுக்கு வேலை குடுத்துட்டே இருங்கன்னு டாக்டர் சொன்னார். ரப்பர் பந்து வாங்கிக் குடுத்தாங்க, ஆயா அதைத் தொடவே இல்ல. தாயக்கட்டையைக் குடுத்தப்ப ரெண்டு கையாலயும் வாங்கித் தேய்ச்சு உருட்டினாங்க.

இப்ப ஆட்டத்துக்கு வரேன். கடைசிக் கட்டம்தான் சுவாரசியம். ஆயாவோட ஒரு காய் வெட்டுப்பட்டு வெளிய நிக்குது. மத்ததெல்லாம் பழம். தாயம் விழுறவரைக்கும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு உள்ள ஒரு காய், வெளிச்சுத்துல ஒரு காய். நீங்களா இருந்தா எதை நகர்த்துவீங்க?

பேக்கேமன் ஆடுறவங்களுக்கு இதே தலைவலி வேற மாதிரி வரும். அதுல ஆளுக்கு 15 காய். அடிபட்ட காய் நடுக்கம்பியில போய் உக்காந்துக்கும். எதிராளியோட வீட்டுல இருக்கிற ஆறு இடத்துலயும் ரெண்டு ரெண்டு காய் இருந்தா அதால உள்ள வரவே முடியாது. ஆனா ஜெயிக்கணும்னா பூட்டி வச்சவரும் தன் காயை வெளிய எடுத்தாகணும், எடுக்க எடுக்க கதவு திறக்கும். ஆறு இடத்துலயும் சரியா ரெண்டு ரெண்டு இருந்தா, என்ன விழுந்தாலும் அடுத்த நகர்த்தல்ல தனிக்காய் விடாம தப்பிக்கலாம். ஆறாவது இடத்துல மட்டும் மூணு இருந்து 6-5 விழுந்தா போச்சு, எப்படி ஆடினாலும் ஒரு காய் தனியா நிக்கும். எதிராளி உள்ள வந்து அதை அடிக்க 36-ல் 11 வாய்ப்பு. அதனால பின்னாடி இருக்கிற இடங்கள்ல ஒத்தைப்படையா விடாம, கடைசி இடத்துல இருந்து காலி பண்ணிட்டு வாங்கறாங்க. 1992-ல ஐபிஎம்ல ஜெரால்ட் டெசாரோ எழுதின டிடி-கேமன் ப்ரோக்ராம் தன்னோட தானே ஆடி ஆடியே பெரிய ஆட்டக்காரங்க அளவுக்கு வந்துச்சு. தாயத்துக்கு யாரும் அப்படி ஒண்ணு எழுதலன்னா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுற ஜூனியர்ஸ் கவனிங்க.

தாயத்துல நம்ம பக்கம் கதவு திறக்கிற கவலை இல்ல. ஆயாவோட மலையில இருந்து மூணாவது கட்டம்தான் ஆபத்து. தாயம் விழுந்து காய் இறங்கினா அடுத்த உருட்டும் அவங்களுக்குத்தான், அதுல அதிகமா விழுறது 3. அதனால வெளிச்சுத்துக் காயை அவங்க மலைக்குப் பின்னாடியே நிறுத்துங்க (காய் பின்னால போகாது), இல்லன்னா அடுத்த மலையில ஏத்துங்க. உள்ள இருக்கிற காயையும் அவசரப்பட்டு பழத்துக்கு ஒரு கட்டம் முன்னாடி கொண்டு போகாதீங்க. பேக்கேமன்ல பெரிய எண் விழுந்தாலும் காயை எடுத்துடலாம். நம்ம ஆட்டத்துல சரியான எண்தான் வேணும், ஒரு கட்டம் பாக்கின்னா தாயம் விழணும். மூணு கட்டம் தள்ளி நிக்கிற காய்க்கு அதைவிட ரெட்டிப்பு வாய்ப்பு.

ஆயாவுக்கு இந்த எண்ணெல்லாம் தெரியாது, மூணாவது கட்டம் தெரியும். நான் அங்க காயை வச்சா புருவத்தைத் தூக்கிப் பார்ப்பாங்க. பொங்கலுக்கு வந்த என் சித்தி பையன், பாவம் உடம்பு முடியாதவங்கன்னு, வேணும்னே அந்தக் கட்டத்துல காயை விட்டான். ஆயா கண்டுபிடிச்சுட்டாங்க. இடது கையால காயெல்லாம் தள்ளி விட்டுட்டு, "எனக்கு... புத்தி... நல்லாதான்... இருக்கு"ன்னு ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. வீட்டுல யாரும் பேசல. அதுவரைக்கும் ஆயாவை வச்சுக்கிட்டே, அவங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சு, நிலத்தை என்ன பண்றது, யார் வீட்டுல அவங்களை வச்சுக்கிறதுன்னு பேசிட்டு இருந்தாங்க பெரியவங்க. இப்ப அந்தப் பேச்சுல ஆயாவையும் கேக்குறாங்க. பதில் வர நேரம் ஆகும், காத்திருக்காங்க.

அதனால நான் விட்டுக்கொடுக்கிறதே இல்ல. போன ஞாயிறு ஏழு முறை அவங்க காய் வெளியவே நின்னுச்சு. எட்டாவது முறை தாயம், உடனே 3. என் காய் அவங்க மலைக்குப் பின்னாடி பத்திரமா இருந்துச்சு. "பயந்தாங்கொள்ளி"ன்னு ஒரே மூச்சுல சொன்னாங்க, குழறாம.

ஜூலைல எனக்கு பெங்களூருல வேலை. அதுக்குள்ள இன்னும் பதினோரு ஞாயிறு இருக்கு. இப்போதைக்கு ஆயா ரெண்டு ஆட்டம் முன்னாடி. உங்க ஊர்ல 5 விழுந்தாலும் காய் இறங்கலாம்னு விதி இருந்தா எழுதி அனுப்புங்க, 6-ல் 1-ங்கிற கணக்கைத் திரும்பப் போடணும்.