வடித்த காய்

ஜூலை 5, வெள்ளி
சந்தையில் இருட்டும் வரை நின்றேன். விளக்கு வைத்த பிறகுதான் கூறு கட்டி விலையைக் குறைப்பார்கள். சுரைக்காய் 15. புடலங்காய் கூறு 20. கோஸ் 25. பழைய மிக்சி, டயர், ரோஜாச் செடி எல்லாம் தாண்டி டிரங்க் ரோடுக்கு வருவதற்குள் முழங்கால் விட்டுப்போச்சு. தக்காளி விலை ஏறிடுச்சாம். ஏறட்டும். நமக்கென்ன. முருங்கைக்கீரை ஒரு கட்டை ஒருத்தி சும்மாவே நீட்டினாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தேன். வயிறு எரிந்தது.

ஜூலை 6, சனி
வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். போகும்போது எடை 61.8, வரும்போது 59.4. முதலமைச்சர் காப்பீட்டில் அது நடந்துவிடுகிறது. ஆட்டோவும் ஆப்பிளும்தான் பணத்தைத் தின்கிறது. ராத்திரி கோஸைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தேன். "சக்கைடி இது" என்றார். சக்கைதான்.

ஜூலை 7, ஞாயிறு
புழுக்கம். செவ்வாய் வரை இழுக்கணும். நாளுக்கு ஒரு லிட்டர், அதில் மோர், காபி எல்லாம் அடக்கம். தண்ணீர் கேட்டார். ஐஸ் கட்டி ஒன்று கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே விமானம் இறங்குவதையே பார்த்தார். சுரைக்காய். ஊறவைத்து, கொட்டி, வடித்து.

ஜூலை 9, செவ்வாய்
பொட்டாசியம் 6.1. "என்ன கொடுத்தீங்க?" என்னைத்தான் கேட்கிறார்கள். எப்பவும் என்னைத்தான். புரோட்டீன் பவுடர் டப்பா 1,100. முட்டை வெள்ளைக்கரு ஒன்றில் மூன்றரை கிராம் புரதம் என்று டயட்டீஷியனே சொன்னாள். முட்டை 6 ரூபாய். டப்பாவைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10, புதன்
ரேஷன். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, அரிசி இலவசம். நிம்மதி. பருப்பு இவருக்கு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது, கிலோ ரெண்டு மாசம் வரும். வெள்ளைக்கரு இவருக்கு, மஞ்சள் கரு எனக்கு. வெங்காயம், மிளகு போட்டு வதக்கினால் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வாசனைக்குக் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். மீதியைத் திங்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி
நாத்தனார் வந்தாள். லோ சோடியம் உப்பு பாக்கெட், "ஹார்ட்டுக்கு நல்லது அண்ணி" என்று. கண்ணாடி போட்டுப் பின்பக்கம் படித்தேன். பொட்டாசியம் குளோரைடு. நல்ல எண்ணத்தில்தான் வாங்கி வந்திருக்கிறாள். படபடப்பு அடங்க அரை மணி ஆச்சு. பாக்கெட்டைப் பரண் மேலே போட்டேன். அவள் எதிரில் குப்பையில் போட முடியுமா? சந்தைக்குப் போக முடியவில்லை. தெருமுனைக் கடையில் அதே சுரைக்காய் 35.

ஜூலை 15, திங்கள்
இன்றிலிருந்து ஒரே சமையல். இவருக்குத் தனி, எனக்குத் தனி என்று கேஸ் சீக்கிரம் தீர்கிறது. நானும் வடித்த காயே சாப்பிட்டேன். முதல் வாய் இறங்கவில்லை. எலுமிச்சை இரண்டு சொட்டு, பெருங்காயம், நிறைய கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். பரவாயில்லை. இவர் இரண்டாம் தடவை கேட்டார்! வடித்த தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிறேன். அதில் இறங்கிய பொட்டாசியம் செடிக்காவது ஆகட்டும்.

ஜூலை 17, புதன்
ஆடி ஒன்று. தேங்காய்ப்பால் இல்லை. வெல்லம் இல்லை. சர்க்கரை போட்டு சேமியா, அரை டம்ளர். அதற்காகக் காலையில் காபியை விட்டுக்கொடுத்தார். அழுகை வந்தது. அடுப்படியிலேயே நின்று முடித்துக்கொண்டேன்.

ஜூலை 21, ஞாயிறு
அம்மன் கோயிலில் கூழ். விடியற்காலையிலிருந்து ஸ்பீக்கர். எனக்கு ஒரு சொம்பு வாங்கி வந்தேன். கேழ்வரகு இவருக்கு ஆகாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு "போதும்" என்றார். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மதியம் கோஸ். ஊறவைத்து, கொட்டி, வடித்து.

ஜூலை 23, செவ்வாய்
பொட்டாசியம் 5.2! டயட்டீஷியன் சிரித்தாள். "என்ன கொடுத்தீங்க?" இந்தத் தடவை கேட்டது வேறு மாதிரி இருந்தது. அன்னாசி இரண்டு துண்டு கொடுக்கலாமாம். ஸ்டேஷன் வாசலில் வெட்டி வைத்ததை வாங்கப் பயம், ஈ மொய்க்கிறது. முழுப் பழம் 60 சொல்கிறான். இரண்டு துண்டு போக மீதியை நான்தான் தின்று தீர்க்கணும். எனக்குப் புளிப்பு ஆகாது. கீழ் வீட்டுப் பெண்ணிடம் பாதிப் பாதி போட்டுக்கலாமா என்று கேட்கணும்.