பையனும் பைக்கும் பின்னே கோலாரும்

போன மாசம் ஒரு புதன்கிழமை ராத்திரி எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். "சார், உங்க பையன் ஸ்கூட்டர் ஓட்டறான். சர்வீஸ் ரோட்ல. பின்னாடி ரெண்டு பேர்." சொன்னது கன்னடத்தில். பெங்களூர் வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகியும் என் கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. ஆனால் இந்த வாக்கியம் மட்டும் முழுசாகப் புரிந்தது.

பையனுக்கு வயசு 15. ஸ்கூட்டர் அவன் சிநேகிதனின் அம்மாவுடையது. ஹெல்மெட் கிடையாது. நான் கீழே இறங்கிப் போய்க் கத்திய கத்தலில் எதிர் பிளாக் மாமி பால்கனிக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டம் பேசினேன். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 18 வயசு ஆகாதவன் இப்படி வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அப்போ எங்கதான்பா ஓட்டறது?"

பதில் சொல்லாமல் "போய்ப் படி" என்றேன். எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிற கடைசி ஆயுதம்.

அன்றைக்கு இன்னொரு விஷயமும் நடந்தது. தங்கமணி ஒரு வார்த்தை பேசவில்லை. சப்பாத்தி தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய இடது முழங்கை முழுசாக நீளாது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003. கல்யாணமாகி 5 மாசம். என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ்100. மழை பெய்து முடிந்த ஒரு சாயங்காலம், மடிவாளா பக்கம், ரோட்டில் கொட்டியிருந்த ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கியது. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். செய்யவே கூடாத காரியம் அது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு முழங்கை உடைந்து இரண்டு முறை ஆபரேஷன். என் தலையில் ஹெல்மெட் இருந்தது, அவள் தலையில் இல்லை. (பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று கர்நாடகாவில் கண்டிப்பு வந்தது 2016-இல்தான்.) தலையில் அடிபடாதது சாமி புண்ணியம். வண்டியை அந்த மாசமே விற்றோம். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பையனுக்கு அம்மா ஒரு தடவை கீழே விழுந்தாள் என்று மட்டும்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பையனின் கேள்வி என்னை விடவில்லை. ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒரு பெங்காலிக்காரர் வாரக் கடைசியில் மண் ரோடு ஓட்டுகிறவர். "அவனை ரோட்டிலிருந்து எடுத்து மண்ணில் போடு" என்றார். மோட்டோகிராஸ். எனக்கு அது டிவியில் பைக்கோடு பறக்கிற ஆசாமிகளின் வேலை. ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததில் கொஞ்சம் தெளிவு வந்தது.

இங்கிலாந்தில் 1924-இல் காடு மேடெல்லாம் ஓட்டிய ஒரு போட்டியில் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். அங்கே இதற்கு ஸ்கிராம்பிள் என்று பேர், மோட்டோகிராஸ் என்று மாற்றியது பிரெஞ்சுக்காரர்கள். மண்ணாலேயே அமைத்த மூடிய பாதை. எதிர்வண்டி கிடையாது, லாரி கிடையாது, குறுக்கே ஓடும் நாய் கிடையாது. நம் ரோட்டோடு ஒப்பிட்டால் இதுவே பாதி நிம்மதி. வண்டிக்கு ஹெட்லைட்டும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. அதை ரோட்டில் இறக்கவே முடியாது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சஸ்பென்ஷன் சுமார் 30 சென்டிமீட்டர் வரை அமுங்கி எழும். ரோட்டில் ஓடும் சாதாரண பைக்கில் அதில் பாதி இருந்தால் ஜாஸ்தி.

முக்கியமானது, முதல் நாளே யாரும் பறக்க விடுவதில்லை. முதலில் நின்றுகொண்டு ஓட்டக் கற்றுத்தருகிறார்கள். முழங்கால் லேசாக மடங்கி, முழங்கை வெளியே தூக்கி, பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில். அப்புறம் பிரேக். மண்ணில் முன் பிரேக்கை எத்தனை விரலால், எவ்வளவு மெதுவாக அழுத்துவது என்பதே ஒரு பாடம். அதைப் படித்தபோது லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2003-இல் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்த ஒரு பாடம்தான்.

இடம் தேட வேண்டியதே இல்லை. கோலார் பக்கத்திலேயே பிக்ராக் டர்ட்பார்க் இருக்கிறது. உருவாக்கியவர் நம்ம பெங்களூர் சி.எஸ். சந்தோஷ். 2015-இல் டக்கார் ராலியை ஓட்டி முடித்த முதல் இந்தியர், 36-வது இடம். இதை நான் பெருமையாகச் சொல்ல, தங்கமணி அமைதியாக ஃபோனை நீட்டினாள். அதே சந்தோஷ் 2021 ஜனவரியில் சவூதி பாலைவனத்தில் விழுந்து, டாக்டர்கள் செயற்கைக் கோமாவில் வைத்திருந்த செய்தி.

"அவருக்கே இப்படின்னா?"

"அது டக்கார்மா. இவன் வட்டமா ரெண்டு சுத்து சுத்துவான்."

"மடிவாளாவும் ரெண்டு நிமிஷ தூரம்தாங்க."

அதற்கு மேல் எனக்குப் பேச வாய் இல்லை. இடையில் சின்னவள் வேறு: "ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல வேர்ல்ட் கப் ஜெயிச்சாங்கப்பா. அவங்களும் பெங்களூர். நானும் ஓட்டுவேன்." அவளுக்கு 11 வயசு. ஹூம்.

முடிச்சை அவிழ்த்தது அம்மா. அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீட்டில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போய்ச் சுரங்கத்தில் சேர்ந்தவர். அப்பா ரயில்வேயில் இருந்ததால் நான் வளர்ந்ததெல்லாம் மதுரை. அம்மா கடைசியாகத் தங்கவயலைப் பார்த்தது 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடுவதற்கும் முன்னால். கோலார் என்ற பேரைக் கேட்டதும் கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு வந்தார்.

நானாக ஒன்று எதிர்பார்த்தேன். "எங்கப்பா 3 கிலோமீட்டர் ஆழம் இறங்கினாரு, இவன் பைக் ஓட்டினா என்ன" என்று சொல்வார், பெரும்பான்மை கிடைத்துவிடும் என்று. அம்மா அப்படிச் சொல்லவில்லை.

"கீழே பாறை வெடிச்சா மேலே வீடு ஆடும்டா. அடுக்கி வச்ச பானை உருளும். பொம்பளைங்க எல்லாம் போட்டது போட்டபடி ஷாஃப்ட் பக்கம் ஓடுவாங்க. எங்கம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடியிருக்கா. அந்தப் பயம் எனக்குத் தெரியும். இவ பயப்படறதை நீ கிண்டல் பண்ணாதே."

"நான் எங்கம்மா கிண்டல் பண்ணேன்?"

"மூஞ்சி பண்ணுது."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "அம்மாடி, அவன் ஓட்டத்தான் போறான். இன்னைக்கு நீ பூட்டி வச்சா நாளைக்கு உனக்குத் தெரியாம ஓட்டுவான். தெரிஞ்சு ஓட்டட்டும். ஆனா அங்கே என்னென்ன கேக்கணுமோ நீ கேளு. இவனை நம்பாதே, இவன் வெறும் பேச்சு."

என் பேரில் அப்படி ஒரு மதிப்பு!

அடுத்த நாள் தங்கமணி ஒரு தாளில் கேள்விகளாக எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பெரியவர்கள் ஓட்டும்போது பிள்ளைகளையும் அதே பாதையில் விடுவார்களா? மைதானத்தில் முதலுதவிக்கு யார், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? 18 வயசுக்குக் கீழே என்றால் யார் கையெழுத்து? மஞ்சள் கொடி காட்டினால் மெதுவாகப் போக வேண்டும், தாவக் கூடாது. சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். இதைப் பையனிடம் அவளே பரீட்சை வைத்தாள். இத்தனையும் எந்த மைதானத்துக்குப் போகிறவர்களும் ஃபோனிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியவைதான். நானாக இருந்திருந்தால் கட்டணம் எவ்வளவு, சாப்பாடு உண்டா என்ற இரண்டோடு வைத்திருப்பேன்.

இப்போதைக்குத் திட்டம் இது. வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்புவது. கே.ஆர். புரம் தாண்டிவிட்டால் பழைய மெட்ராஸ் ரோடு, கோலார் சுமார் 70 கிலோமீட்டர். ஹொஸ்கோட்டையில் விடியற்காலையிலேயே பிரியாணிக்கு வரிசை நிற்கும், பையனின் ஒரே கோரிக்கை அது. பிரியாணி தின்றுவிட்டு வண்டி ஓட்டினால் வயிறு என்ன ஆகும் என்று தங்கமணி கேட்டதால் அது பார்சலாக மாறி, திரும்பும்போது என்று ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வழியில் நரசாப்புராவில் ஹோண்டா ஸ்கூட்டர் தொழிற்சாலை. அதைக் கடக்கும்போது நான் எதுவும் பேசக்கூடாது என்று பையன் வாக்கு வாங்கியிருக்கிறான்.

காலையில் அவன் பயிற்சி, தாவல் கிடையாது. சின்னவள் இந்த முறை வேடிக்கை மட்டும், முறைத்துக்கொண்டிருக்கிறாள். மதியம் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் தங்கவயல். லைன் வீடு இன்னும் நிற்கிறதா, யார் இருக்கிறார்கள், எதுவும் தெரியாது. அம்மா பழைய பட்டுப்புடவை ஒன்றை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார். புழுதி பறக்கும் இடத்துக்குப் பட்டுப்புடவையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஹாலில் விளக்கு எரிந்தது. பையனை ஸ்டூலில் உட்கார வைத்து, தங்கமணி தையல் டேப்பால் அவன் தலையை அளந்துகொண்டிருந்தாள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையின் துருத்திய இடம் வரை. ஹெல்மெட் கன்னத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும், தலையை ஆட்டினால் தனியாக ஆடக் கூடாது என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எங்கே படித்தாளோ. அப்புறம் முழங்கைக் கவசத்துக்கு அளவு எடுக்க அவன் கையை நீட்டச் சொன்னாள். அவன் நீட்டிவிட்டு, அவளுடைய கையைப் பார்த்தான்.

"அம்மா, இது எப்படி ஆச்சு?"

நான் தண்ணீர் பாட்டிலோடு அங்கேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்கப்பா சொல்லுவாரு" என்றாள். பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

டிஸ்கி: காலையில் ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு. தலை 57 செ.மீ. அதற்குக் கீழே சின்னவள் கையெழுத்தில்: எனக்கு 53.