கறுப்பெல்லாம் கரி இல்லீங்க!

எங்க வடசென்னையில எது கறுத்தாலும் பழி நிலக்கரி மேலதான் விழும். அதுல நியாயமும் இருக்கு. ராயபுரத்துல ஜன்னல் கம்பி, கொடியில காயுற துணின்னு எல்லாத்து மேலயும் கரித்தூள் படிஞ்ச காலம் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம், 2011 அக்டோபர்லதான் சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்குறது நின்னு, எண்ணூர் பக்கம் போச்சு.

ஆனா இலை கறுத்தா உடனே கரின்னு முடிவு பண்ணிடாதீங்க. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னா தம்பி, இன்னும் கரி கொட்டுது பாரு, தென்னையும் செம்பருத்தியும் கறுத்தே போச்சு. வெட்டிட வேண்டியதுதான்"னாங்க. அது அவங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ நட்ட தென்னை. மனசு கேக்கல, போய்ப் பார்த்தேன்.

சோதனை ரொம்ப சிம்பிள். ஈரத்துணியால துடைங்க. தூசின்னா சட்டுன்னு வந்துடும். பூசணம்னா படலமா ஒட்டிக்கிட்டு இருக்கும், சுரண்டினா உரிஞ்சு வரும். அடுத்து மேல இருக்குற இலையோட அடிப்பக்கத்தைப் பாருங்க. அங்க வெள்ளையா மெழுகு மாதிரி வட்டம் வட்டமா இருந்தா அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல பொள்ளாச்சி தென்னையில கண்டுபிடிச்ச வெளிநாட்டுப் பூச்சி. சாறு உறிஞ்சிட்டு இனிப்பா, பிசுபிசுன்னு கழிவு விடும். அது கீழ சொட்டுற இடத்துலதான் கரும்பூசணம் வளருது. தென்னை மேல ஈ, கீழ செம்பருத்தி கறுப்பு. கணக்கு சரியாப் போச்சா?

பூசணம் செடியைத் தின்னாது, வெயிலைத்தான் மறைக்கும். அதனால பூச்சியைப் பிடிக்கணும். இலை அடியில தண்ணியை வேகமா அடிங்க. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கலந்து தெளிங்க. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. படலத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சின கஞ்சி தெளிச்சா, காய்ஞ்சதும் பொருக்கா உதிரும். கடையில விக்கிற விஷ மருந்து வேணாம். இந்த ஈயை அழிக்கிற என்கார்சியான்னு ஒரு குட்டிக் குளவி இருக்கு, அதுவும் செத்துடும்.

எண்ணூர், திருவொற்றியூர் மக்களுக்கு இன்னொரு விஷயம். இலையில தூசி படிஞ்சா இந்தக் குளவிகளுக்கும் சிரமம். அதனால வாரம் ஒரு தடவை இலையைக் கழுவி விடுங்க.

அக்கா இப்போதைக்குக் கத்தியை உள்ள வெச்சுட்டாங்க. நாளைக்கு நிஜமாவே கரி கொட்டினா, அதைத் துணிஞ்சு புகார் பண்றதுக்காவது இந்த வித்தியாசம் நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.