ரூபவாஹினி வந்த வழி

மயிலாப்பூர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

 

மெட்ராஸில் இலங்கை டிவி தெரிந்ததாகத் தாத்தா சொல்வது நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அப்போது நமக்கு இருந்தது தூர்தர்ஷன் மட்டுமே. மயிலாப்பூர், அடையாறு மொட்டை மாடிகளில் உயரமான குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டர் மாட்டினார்கள். சில இரவுகளில் படம் பளிச்சென்று வரும். மறுநாள் வெறும் புள்ளிகள்தான்.

கணக்குப்படி அது வரவே கூடாது. சிற்றலை வானொலியின் அலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். டிவி அலை அதைவிடக் குட்டை, ஓரிரு மீட்டர் நீளம்தான். அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே தொடுவானத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நுவரெலியா அருகே ரூபவாஹினியின் கோபுரம் நிற்கும் பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம். அந்த உச்சியிலிருந்தே அனுப்பினாலும், நம் மொட்டை மாடி உயரத்துக்கு எட்டும் எல்லை சுமார் 220 கிலோமீட்டர். மயிலாப்பூரோ 670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மிச்சத் தூரத்தைக் கடத்தியது கடல்மேல் காற்று. வெயில் காலத்தில் நிலத்துச் சூடான வறண்ட காற்று, கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் படரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரம் சட்டென்று குறைவதால் அலை கீழ்நோக்கி வளைகிறது. பூமியின் வளைவுக்கு ஈடாக வளைந்துவிட்டால், அந்த அடுக்குக்குள்ளேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். இதை ‘டக்ட்’ என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாய் ராடாருக்கு அரேபியக் கரையின் எதிரொலி கிடைத்ததும் இப்படித்தான்.

நிலத்தின் மேல் இது நிலைக்காது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து அடுக்கு உண்டாகும். வெயில் ஏறியதும் தரை சுட்டு, காற்று கிளம்பி அதைக் கலைத்துவிடும். தி. நகரில் கட்டடங்கள் வேறு. ஒரே அலை நேராகவும் சுவரில் பட்டும் வருவதால், பழைய டிவியில் ஒரு முகத்தை ஒட்டி இன்னொரு முகம் நிழலாகத் தெரியும். கடலில் மறிக்க ஒன்றுமில்லை. வெப்பமும் மெதுவாகத்தான் மாறும்.

எல்லாம் பூஸ்டரின் மகிமை என்பார் தாத்தா. பூஸ்டர் வந்த அலையைப் பெருக்கும், வராததை வரவழைக்காது. பெருமை காற்றுக்கே சேர வேண்டும்.

எஃப்.எம். அலையும் இதே ஜாதிதான். கோடை விடுமுறைக்கு வரும்போது ஒரு சின்ன ரேடியோ கொண்டு வா. இரவில் பெசன்ட் நகர் கடற்கரையில், நம் ஊர் நிலையங்களுக்கு நடுவே காலியாக இருக்கும் இடங்களில் வைத்துக் கேள். என்ன கேட்டாலும், கேட்காவிட்டாலும், தேதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் நோட்டில் எழுதி வை. பாடப் புத்தகத்தை அதற்குப் பிறகு திற.

அன்புடன்,
பெரியப்பா