தனமும் ருணமும்

"பையனுக்குக் கணக்கு நன்றாகத்தான் வருகிறது, ஸார், அல்ஜீப்ரா என்றால்தான் பயப்படுகிறான்" என்று பெற்றோர் யாராவது நம்மிடம் வந்து சொல்லாத வருஷம் கிடையாது. உபாத்தியாயத் தொழிலில் நாம் இருபது வருஷங்களைத் தாண்டிவிட்டோம். இதற்குள் பாட புஸ்தகங்கள் பல முறை மாறிவிட்டன. நம் பாட்டனார் பீஜகணிதம் என்று சொன்னதற்கு இப்போது இயற்கணிதம் என்று பெயர். பயம் மட்டும் மாறவில்லை.

அந்தப் பயத்தை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். குழந்தைகள் 'எக்ஸ்' என்ற எழுத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. தெரியாத ஒன்றுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு அதைத் தேடிப் போவது அவர்களுக்கு விளையாட்டு. கால் இடறும் இடம் வேறு. அது குறை எண். அதிலும், குறையைக் குறையால் பெருக்கினால் மிகை வரும் என்று சொல்லுகிற இடம். "ஏன்?" என்று ஒரு மாணாக்கி கேட்கிறாள். "விதி அப்படி" என்று பதில் வருகிறது. அன்றோடு அவள் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். அடுத்த வருஷம் அவளுக்கு 'மந்தம்' என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். இது பெரிய அநியாயம் என்பது நம் கட்சி. அவள் தயங்கி நின்ற அதே இடத்தில் உலகத்தின் மேதாவிகள் சுமார் 1,500 வருஷம் தயங்கி நின்றிருக்கிறார்கள்.

பழைய எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் கி.மு. 1550-ஐ ஒட்டிப் பிரதி செய்த சுருளில், ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 ஆனால் குவியல் எவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது. தெரியாததற்கு அவர்கள் வைத்த பெயர் 'குவியல்'. குவியல் என்று சொன்ன பிறகு அது குறை எண்ணாக இருக்க முடியுமா? மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் டயோபாண்டஸ் தெரியாததற்கு ஒரு குறியே அமைத்தார். ஆனால் நான்கு மடங்கு எக்ஸுடன் 20-ஐக் கூட்டினால் 4 என்று ஒரு சமன்பாடு வந்தபோது, அது பொருத்தமற்றது என்று தள்ளிவிட்டார். இன்றைய பிள்ளைகள் அதற்கு 'மைனஸ் நாலு' என்று விடை எழுதுவார்கள்.

குறை எண்ணுக்கு முதல் முதலில் மரியாதையான ஆசனம் அளித்து, முழுமையான சட்டமும் வகுத்தவர் நம் பிரம்மகுப்தர். 628-ம் வருஷத்தில், தம்முடைய முப்பதாவது வயதில், அவர் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்னும் நூலை இயற்றினார். கையிலிருக்கும் பொருளுக்குத் தனம் என்றும், கடனுக்கு ருணம் என்றும் பெயர் வைத்து, இவ்விரண்டையும் பூஜ்யத்தையும் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் சொன்னார். ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனம் என்பதும் அவற்றில் ஒன்று. கடன்பட்டவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்து ரூபாய்க் கடன் சீட்டுகள் மூன்றைக் கிழித்துப் போட்டால் அவனுக்கு 15 ரூபாய் லாபந்தானே!

இதைப் படிக்கும் நேயர்களில் சிலர் 'எல்லாம் நம்மவர் கண்டதே' என்று மார்தட்டப் புறப்படலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். சீன தேசத்தில் 263-ம் வருஷத்திலேயே லியூ ஹுய் என்பவர், மிகைக்குச் சிவப்புக் குச்சிகளும் குறைக்குக் கறுப்புக் குச்சிகளும் வைத்துக் கணக்கிடுவதை எழுதிவைத்திருக்கிறார். பிரம்மகுப்தரும், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதினார். அதை இன்று யாரும் ஒப்புவதில்லை. அதனால் அவர் பெருமை குன்றிவிடுமா? அந்தக் கேள்வியை எழுப்பவே அபாரத் துணிச்சல் வேண்டும்.

1150-ல் பீஜகணிதம் எழுதிய பாஸ்கரரின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, மிச்சத்தை வர்க்கமாக்கினால் வரும் தொகை குகைக்குள் போய்விட்டது. ஒரே ஒரு குரங்குதான் கிளையில் தென்படுகிறது. மொத்தம் எத்தனை என்று அவர் கேட்கிறார். கணக்குப் போட்டால் 50, 5 என்று இரண்டு விடைகள் வருகின்றன. 50 சரியாகப் பொருந்துகிறது. 5 என்று கொண்டால், ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. அதிலிருந்து மூன்றைக் கழித்தால் குறை இரண்டு. வர்க்கமாக்கினால் நான்கு ஆகிவிடுவதால் கணக்கு என்னவோ சரிதான். ஆனால் குறை இரண்டு குரங்கை எந்தக் காட்டில் தேடுவது? ஜனங்கள் இதை ஒப்பமாட்டார்கள் என்று சொல்லிப் பாஸ்கரர் ஐந்தைத் தள்ளிவிடுகிறார். விதிகளை அவர் நன்கு அறிந்தவர். இருந்தும் வகுப்புக் குழந்தையைப் போலவே தயங்குகிறார். எமக்கு அவரிடம் பிரியம் அதிகமானது இந்த இடத்தில்தான்.

பாக்தாதில் சுமார் 820-ல் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜபர்' என்ற சொல்லே உலகத்துக்கு அல்ஜீப்ராவைத் தந்தது. முறிந்ததைச் சேர்த்துக் கட்டுதல் என்பது அதன் பொருள். ஸ்பெயினில் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியருக்கும் அதே வேரிலிருந்து பெயர் உண்டாயிற்று. கழிபட்டு நிற்கும் உறுப்பை மறுபக்கம் சேர்த்து ஊனம் தீர்ப்பதே அந்த வைத்தியம். ஊனமான எண் அவருக்குப் பிடிக்காது. ஒரு வர்க்கத்துடன் பத்து மூலங்களைச் சேர்த்தால் 39 என்ற கணக்குக்கு அவர் மூன்று என்று மட்டுமே விடை சொன்னார். குறை பதின்மூன்று என்ற மற்றொரு விடை அவர் நூலில் இல்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1545-ல் கார்டானோ குறை விடைகளைக் கற்பிதம் என்றார். எக்ஸ், ஒய் என்று எழுதும் வழக்கத்தை 1637-ல் நிலைநாட்டிய டெகார்ட் அவற்றைப் பொய் விடைகள் என்றார். 1796-ல் வில்லியம் பிரெண்ட் என்ற ஆங்கிலேயர் குறை எண்ணை அடியோடு விலக்கி ஒரு பாட புஸ்தகமே எழுதினார். பிரம்மகுப்தருக்கு அப்போது 1,168 வருஷம் கழிந்திருந்தது!

அந்தப் பிரெண்டின் மருமகப் பிள்ளை, நம் மதுரையில் 1806-ல் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே சீமைக்குக் கொண்டு போகப்பட்ட டி மார்கன். மிகப் பெரிய தர்க்க அறிஞர். 1831-ல் அவர் வெளியிட்ட ஒரு நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. தகப்பனாருக்கு 56 வயது, மகனுக்கு 29. தகப்பனார் வயது மகன் வயதைப்போல் இரு மடங்கு ஆவது எப்போது? சமன்பாடு 'குறை இரண்டு' என்கிறது. இது அர்த்தமற்ற விடை, கேள்வியையே திருத்தி எழுத வேண்டும் என்பது டி மார்கனின் தீர்ப்பு.

நாம் ஒவ்வொரு வருஷமும் ஏழாம் வகுப்பில், பெருக்கல் விதியைச் சொல்லுமுன், ஐந்தாம் வாய்ப்பாட்டைப் பலகையில் கீழ்நோக்கி எழுதச் சொல்லுவோம். மூன்று குறை ஐந்து, குறை பதினைந்து. இரண்டு என்றால் குறை பத்து. ஒன்று என்றால் குறை ஐந்து. பூஜ்யம் என்றால் பூஜ்யம். ஒவ்வொரு படியிலும் விடை ஐந்து ஐந்தாக ஏறுகிறது. அடுத்த படி குறை ஒன்று, விடை என்ன? யாரும் விதி சொல்லிக் கொடுக்காமலே 'அஞ்சு' என்று பல குரல்கள் எழும். அதன் பிறகுதான் டி மார்கனின் கணக்கைப் போடுவோம். சென்ற வருஷம் அந்தக் கணக்கில் குறை இரண்டு வந்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் விழித்தது. பிறகு கடைசி பெஞ்சியிலிருந்த ஒரு பையன், எழுந்திருக்கக்கூட மறந்து, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆயிடுச்சு, ஸார்!" என்றான். பக்கத்திலிருந்தவன் 54, 27 என்று எழுதிச் சரிபார்த்தான்.